எண்ணோடு ஸ்டாண்டர்டையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லின் மேல் லேசரைப் பாய்ச்சினால் அதிலுள்ள தனிமங்கள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். பதினான்கு வருடமாக எனக்கு அந்தக் கருவியோடுதான் வேலை. எழுதியது சரி. ஆனால் எங்கள் வேலையில் பாதி அதில் விட்டுப்போயிருக்கிறது.

லேசர் பட்ட இடத்தில் தலைமுடிப் பருமனுக்கும் குறைவான பள்ளம் விழும். ‘பொருளுக்குச் சேதமே இல்லை’ என்று போட்டிருந்தீர்கள், சிறிதாவது உண்டு. கிளம்பும் துகளை ஹீலியம் வாயு, மிகச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அயனியாகி, அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் நுழைகிறது. கல்லை அமிலத்தில் கரைக்கும் பாடு இல்லை. ஆபத்தான ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி!

கருவி சொல்வது, வினாடிக்கு இத்தனை அயனி என்ற கணக்கு மட்டும்தான். அதை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஆக்க இரண்டு துணை வேண்டும். ஒன்று, எந்தத் தனிமம் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கண்ணாடி; இதைத்தான் ஸ்டாண்டர்ட் என்கிறோம். நாங்கள் வைத்திருப்பது அமெரிக்க அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் 612. பல தனிமங்களைப் பெயரளவில் 50 பிபிஎம் கலந்து செய்தது. இன்னொன்று, மாதிரியிலேயே அளவு தெரிந்த ஒரு தனிமம்; மற்ற தனிமங்களை அதோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவோம்.

இந்த இரண்டாவதில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். ஒரு மாணவர் கொண்டுவந்த வெள்ளைக் கல்லைக் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்று நம்பி, கால்சியம் 40 சதவீதம் என்று போட்டுவிட்டேன். மெக்னீசியம் 24 சதவீதம் என்று வந்தது. 40-உம் 24-உம் போனால் மிச்சம் 36. கார்பனேட்டுக்கே 60 சதவீதம் வேண்டுமே! அது டோலமைட், கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமம். அதில் கால்சியம் 22 சதவீதம்கூட இல்லை. அந்த ஒரு எண் தப்பியதில் ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு எல்லாமே கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நின்றன. அன்றைக்கு மெக்னீசியத்தை அளக்காமல் விட்டிருந்தால் அந்த அட்டவணை அப்படியே அவருடைய ஆய்வேட்டில் ஏறியிருக்கும். திரையில் சிக்னல் சீராகத்தான் ஓடியது, கருவியும் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

இனி இப்படி ஓர் எண்ணை அச்சிடும்போது, எந்த ஸ்டாண்டர்டை வைத்து அளந்தார்கள், எந்தத் தனிமத்தை ஆதாரமாகக் கொண்டார்கள் என்று ஆய்வாளரிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பணிபுரியும் உங்கள் வாசகி