பனைமரம் விலகித் தராது

ஆசிரியருக்கு,

இரணைமடுப் பக்கம் அறுவடையைப் படமெடுக்க மருமகன் ட்ரோனைப் பறக்கவிட்டபோது சிக்னல் அறுந்தது, அது தானாகத் திரும்பியது, சரி, ஆனால் திரும்பும் உயரம் 15 மீற்றரில் கிடந்ததால் நேரே பனை வட்டுக்குள் போய்ச் செருகிவிட்டது. புறப்பட முதலே சுற்றியுள்ள பனைகளைவிட உயரமாக அதை வைத்திருக்க வேண்டும். வேகமாகப் பறக்கவிடும் ஸ்போர்ட் மோடில் பல ட்ரோன்களில் தடையறியும் சென்சர் வேலை செய்யாது. எங்கள் பெடியளுக்கோ அந்த மோடில்தான் ஆசை! ஜிபிஎஸ் பிடிக்காமல் உயரே ஏற்றினால் காற்று இழுத்த பக்கம் போகும். அப்புறம் பற்றரி. முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் தகரக் கூரைச் சூட்டில் வைத்தால் ஊதிப்போகும், பாதிச் சார்ஜில் நிழலில் வையுங்கள். விளிம்பு வெடித்த விசிறிக்குப் பசை பூசாமல் புதிது மாட்டுங்கள். மருமகன் பூசித்தான் வைத்திருந்தார்.

ஒரு வாசகர்,
கிளிநொச்சி