பாபநாசம் படித்துறைப் புரோகிதர்களுக்கும் பரிகாரம் சொல்லும் ஜோதிடர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய சாஸ்திரிகளுக்கும், ஜோதிடர் அண்ணாச்சிமார்களுக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

பரிகாரம் என்று சொல்லி, கட்டின துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். இதை ஏன் கலெக்டருக்கு எழுதவில்லை என்று கேட்கலாம். அதிகாரிகள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பலகை வைத்தார்கள், ஆள் நிறுத்தினார்கள். ஆற்றின் நிலை பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குகள் போயின. இத்தனைக்குப் பிறகும் துணி ஆற்றுக்குள்தான் போகிறது. "கட்டின துணியோட மூணு முங்கு போட்டு, துணிய ஆத்துலயே விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு" என்று ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்த குடும்பத்துக்கு அந்த ஒரு சொல்தான் சட்டம். அந்தப் பயத்துக்கு முன்னால் எந்தப் பலகையும் நிற்காது.

நானும் நம்பிக்கை உள்ளவன்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் திதி கொடுப்பது அந்தப் படித்துறையில்தான். எள்ளும் தண்ணீரும் விடுவதை யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல வந்தது துணியைப் பற்றி மட்டும்.

தண்ணீர் வற்றுகிற மாதங்களில் படித்துறையிலிருந்து கொஞ்சம் கீழே நடந்து பாருங்கள். மருத மரத்து வேர்களில் சேலைகள் சுற்றிக் கிடக்கும். முந்தானை மட்டும் மேலே தெரியும், மிச்சம் மணலுக்குள் இருக்கும். பிடித்து இழுத்தால் வராது. மடிப்புக்கு மடிப்பு மணல் ஏறி, பாசி பிடித்து, கல்லைப்போல் கனக்கும். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் அதன் அடியில் வேறொரு வேட்டி, அதன் அடியில் ஒரு சட்டை என்று வந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்ய இறங்குகிற இளைஞர்கள் லாரி கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே கோலம். அவர்களை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. குளிக்க இறங்குகிறவர் காலில் இந்தச் சேலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் விட்டது பருத்தித் துணி. அதுவும் எப்போதோ ஒன்று. கிடந்து மக்கிப் போகும். இன்றைக்கு ஆற்றில் விழுவதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. கடையில் வாங்குகிற தண்ணீர் பாட்டில் எந்தப் பிளாஸ்டிக்கோ, பாலியஸ்டர் நூலும் அதே பிளாஸ்டிக்தான், பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது மக்காது. இழை இழையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, தண்ணீரிலேயே இருக்கும். வழக்கத்தின் பெயர் மாறவில்லை என்பதற்காகப் பொருளும் மாறவில்லை என்று நாம் இருந்துவிட முடியாது.

வெள்ளம் வந்தால் இந்தத் துணி பாபநாசத்தோடு நிற்பதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது நம் ஆறு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். நெல்லை, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்துக்கும் குடிதண்ணீர் இதுதான். இந்த ஆற்றங்கரைச் சிவன் கோயில்கள் ஒன்பதை நவகைலாயம் என்கிறோம், அதில் முதல் தலம் பாபநாசம். அடுத்தது சேரன்மகாதேவி. பிறகு கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு என்று சேர்ந்தபூமங்கலம் வரை போகிறது. முதல் கைலாயத்தில் நாம் கழித்துப் போட்ட பாவத் துணி, மற்ற எட்டு கைலாயத்து ஈசனின் வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? கடைசியில் புன்னைக்காயலில் மாதா கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போகிற மீனவர் இருக்கிறார். நம்முடைய தோஷத்தை அவர் வலையில் கொண்டு போய்ப் போடுவது எந்தச் சாஸ்திரத்திலும் புண்ணியமாக இருக்க முடியாது.

சாஸ்திரம் என்று வந்ததால் கேட்கிறேன். நீராடும்போது தண்ணீரில் உமிழக் கூடாது என்று ஆசாரக்கோவை என்ற பழைய தமிழ் நீதி நூல் சொல்கிறது. எச்சிலுக்கே அந்தக் கட்டுப்பாடு வைத்த மரபு நம்முடையது. உடுத்திக் கழித்த உள்ளாடையை ஆற்றில் விடச் சொல்லும் விதி எங்கே இருக்கிறது? படித்தவர்கள் நீங்கள், இருந்தால் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து தானங்களில் வஸ்திர தானம் உண்டு. அது ஒரு மனிதர் கையில் துணியைக் கொடுப்பது.

நம்பிக்கையால் ஆற்றைக் காக்க முடியும் என்பதற்கும் அதே படித்துறைதான் சாட்சி. அங்கே மீன்கள் கூட்டம் கூட்டமாகக் காலடியில் வந்து மொய்க்கின்றன. பொரி போடுகிறார்களே தவிர, சாமி மீன் என்பதால் யாரும் பிடிப்பதில்லை. காவலுக்கு ஒரு போலீஸ்காரர் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் சொன்ன சொல் ஒன்றே அந்த மீன்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலையும் பாருங்கள். அங்கே இருக்கும் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு நேர்ந்துகொள்கிறவர்கள் அதைச் சன்னிதியில் கொண்டு கட்டுகிறார்கள், ஆற்றில் விடுவதில்லை. காணிக்கை கோயிலிலேயே இருந்தாலும் சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனசு ஏற்றுக்கொள்கிறது. (ஆடி அமாவாசைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் நாள் கணக்கில் தங்கிவிட்டு வரும் கூட்டம் விட்டு வருகிற குப்பையைப் பற்றி அந்தக் கோயில்காரர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.)

2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்ற நதி நீராடல் விழா என்றதும் லட்சக்கணக்கான பேர் இந்த ஆற்றங்கரைக்கு வந்தார்கள். எந்த அரசாணையும் அவர்களை அழைக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் அழைத்தீர்கள். இப்போது உங்களிடம் கேட்பதும் அதே வாக்கைத்தான். சங்கல்பம் செய்து வைக்கும்போதே, "துணியை ஆத்துல விட்டா தோஷம் போகாது, நதிக்குச் செய்த பாவம்தான் சேரும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஜோதிடர்கள் பரிகாரச் சீட்டு எழுதும்போது புதுத் துணி ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். கழித்த துணிக்குப் படித்துறை மேலேயே கோயில் பெயரில் ஒரு பெரிய தொட்டி வேண்டும். அது குப்பைத் தொட்டி மாதிரி ஓரத்தில் கிடக்கக் கூடாது. மஞ்சள் குங்குமம் வைத்து, அதில் போட்டால் பரிகாரம் முடிந்தது என்று நீங்களே நின்று சொல்ல வேண்டும். பயந்து வருகிறவருக்கு அந்த உறுதி உங்கள் வாயிலிருந்து கிடைக்காவிட்டால் அவர் தொட்டியைத் தாண்டி ஆற்றுக்குத்தான் போவார்.

உங்களில் சிலர் ஏற்கெனவே துணி விடாதீர்கள் என்று சொல்லி வருவதும் தெரியும். அப்படிச் சொன்னால் ஆள் பக்கத்து ஆளிடம் போய்விடுகிறார் என்ற வருத்தமும் நியாயமானதுதான். அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்கிறேன். வரும் ஆடி அமாவாசைக்கு முன் கோயில் மண்டபத்தில் ஒரு நாள் கூடிப் பேசுங்கள். நிர்வாகத்தார் தேதி சொன்னால், தொட்டிக்கு ஆகும் செலவைப் பிரித்துக்கொள்ளவும், நிறைந்த துணியை அன்றன்றைக்கு எடுத்துப் போகவும் ஊர்க்காரர்கள் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் அங்கே தர்ப்பணம் செய்யும் குடும்பத்தில் ஒருவன்