ஏலத்தோடு முடிந்துவிட்டதா டாட்டாவின் கதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவின் டாட்டா உருக்குக் கம்பனி பிரித்தானியாவின் கோரஸ் உருக்குக் கம்பனியை வாங்கியது பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே படித்தேன். 2007 ஜனவரியில் ஏலத்தை வென்றதோடு கட்டுரையாளர் பேனாவை மூடிவிட்டார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்குக் குடித்தனம் நடந்த கதை எங்கே தெரியப்போகிறது?

பழைய சோனகத் தெருவில் முப்பத்தெட்டு வருடமாகக் கம்பியும் தகரமும் விற்கிறேன். எங்கள் கண் முதலில் விலைக்குத்தான் போகும். 2006 அக்டோபரில் டாட்டா சொன்ன விலை பங்கொன்றுக்கு 455 பென்ஸ். பிரேசிலின் சி.எஸ்.என். என்ற உருக்குக் கம்பனி குறுக்கே வந்தது. ஒன்பது சுற்று ஏலம். 603 இல் அவர்கள் நின்றுவிட, 608 இல் டாட்டாவுக்கு விழுந்தது. முதலில் கேட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட! அதிலும் பெரும்பகுதி கடன். (அன்று கம்பனியை நடத்தியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி. முத்துராமன். அதைக்கூட எழுதாமல் விட்டுவிட்டார்கள்.)

விலையைவிடப் பெரிய சங்கதி இரும்புத் தாது. டாட்டாவின் பலமே நோவாமுண்டி போன்ற சொந்தச் சுரங்கங்கள்தான். தோண்டிய செலவோடு தாது ஜம்ஷெட்பூர் உலைக்குப் போய்விடும். கோரஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேல்ஸில் உள்ள போர்ட் டல்பட் உலைகளுக்குத் தாது கப்பலேறி, சந்தை விலைக்கு வரவேண்டும்.

அடுத்த வருடமே சந்தை விழுந்தது. 2008 நடுவில் நான் உச்ச விலைக்கு வாங்கி அடுக்கிய 12 மில்லிமீட்டர் கம்பியை, கார்த்திகையில் வாங்கிய விலைக்குக்கூட ஒருவரும் கேட்கவில்லை. மழைச் சாரல் பட்டுத் துருவேறிய கம்பிக் கட்டைத் தொட்டால் உள்ளங்கை செம்மஞ்சளாகிவிடும். அந்தக் கையோடுதான் வங்கிக்குப் போய்த் தவணை கேட்டேன். பத்துத் தொன் கம்பிக்கே எனக்கு அந்த நிலை.

கோரஸோடு டாட்டாவுக்கு வந்த, இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் ஆலை 2016 இல் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. போர்ட் டல்பட்டில் தாதை உருக்கிய கடைசி ஊதுலை 2024 செப்டெம்பர் 30 இல் அணைந்தது. ஆயிரக்கணக்கானோரின் வேலையும் போனது. அங்கே இனிப் பழைய இரும்பை உருக்கும் மின்னுலை வருமாம். செலவு 125 கோடிப் பவுண், அதில் 50 கோடி பிரித்தானிய அரசின் பணம்.

இந்த மீதியையும் ஒரு ஞாயிறு போடுங்கள். அன்றைக்கு இரண்டு பிரதி வாங்குவேன். பக்கத்துக் கடைக்காரர் என்னுடையதை எடுத்துக்கொண்டுபோனால் திருப்பித் தருவதில்லை.

இரும்புக்கடைக்காரன்,
கொழும்பு – 12