படலையடியில் நின்று கேள்

நல்லூர், யாழ்ப்பாணம்
சித்திரை 19, 2026

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமை நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நீ இரண்டு தரம் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாய். லைன் அறுந்திருக்கவில்லை பிள்ளை. ரொறன்ரோ மாநகர சபைக்கு நிற்கப்போகிறேன் என்று நீ சொன்ன உடனே எனக்கு 1998 ஆம் ஆண்டு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. வாய் எழவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாததை இன்று ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. வருஷக்கணக்காகத் தேர்தலே காணாமல் இருந்த எங்கள் மாநகர சபைக்கு அந்தத் தை மாதம் வாக்கெடுப்பு நடந்தது. சரோஜினி யோகேஸ்வரன் மாநகர முதல்வரானார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெண் முதல்வராக வந்தது அதுதான் முதல் தடவை. அவருடைய கணவரை 1989 இல் கொழும்பில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தத் துக்கத்தோடு ஒரு மனுஷி துணிந்து வந்து அந்தக் கதிரையில் இருந்தாரே என்று நாங்கள் ஆசிரியர் அறையில் பெருமையாகக் கதைத்தோம். நாலு மாதம் ஆகவில்லை, மே 17 அன்று அவரையும் வீட்டில் வைத்தே சுட்டார்கள். அவருக்குப் பிறகு வந்தவர் பொன். சிவபாலன். செப்டெம்பர் 11, மாநகர சபைக் கட்டடத்தில் கூட்டமொன்றில் இருந்தபோது குண்டு வெடித்து அவரும் போய்விட்டார். ஒரே வருஷத்தில் இரண்டு முதல்வர்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த 1975 இல், பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அப்போதைய மாநகர முதல்வர் துரையப்பாவைச் சுட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பான ஒரு பதவிக்கு இங்கே மனிதர்கள் கொடுத்த விலை அது. "எங்கள் வீட்டில் ஒருவரும் இந்தப் பக்கம் போகக்கூடாது" என்று அப்பா அன்றைக்குச் சொன்னார். நானும் ஓம் என்றேன். அந்த ஓம் எனக்குள் இருபது வருஷம் இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற 2017 ஆம் ஆண்டின் கடைசியில், அடுத்த மாசியில் வரவிருந்த தேர்தலுக்காக ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பட்டியலை நிரப்ப அவர்களுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். "ரீச்சர், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, கையெழுத்து மட்டும் போடுங்கோ, மற்றதை நாங்கள் பார்க்கிறோம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். முப்பது வருஷம் படிப்பித்த எனக்கு அந்த "ஒன்றும் செய்யத் தேவையில்லை" மனதைக் கீறிவிட்டது. பயமும் இருந்தது, ரோசமும் இருந்தது. தேத்தண்ணி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு பல நாள் யோசித்தேன். "சரி, கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் வேலையும் நான்தான் செய்வேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். அதனால்தான் உன்னை மறிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் மே 6 தேர்தலுக்கு முன் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பிள்ளை வந்தாள். உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். எந்தக் கட்சி என்று எழுதவில்லை, அது இந்தக் கதைக்குத் தேவையுமில்லை. மற்றவர்கள் ஏழெட்டுப் பேராக வந்து, நோட்டீஸைப் படலைக்குள் செருகிவிட்டுப் போனார்கள். இவள் தனியாக சைக்கிளில் வந்தாள். படலையடியில் நின்றுகொண்டு, "அம்மா, இந்த ஒழுங்கையில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாள். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எழுதியிருந்தாள். "மூன்றாம் வீடு: வாய்க்கால் மூடி உடைந்தது, கார்த்திகை மழையில் ஆச்சி விழுந்து கால் முறிந்தது. ஐந்தாம் வீடு: லைட் எரிவதில்லை, ரியூசன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஏழாம் வீடு: நாய்." அந்த "நாய்" என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது. கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறாள், பிள்ளை. ஏழாம் வீட்டுக்காரருக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

அவளோடு நான் மூன்று பின்னேரம் நடந்தேன். அப்பா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் தானே தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தந்தார்.

அவள் வெல்லவில்லை. சபையில் 45 பேர். அதில் 27 பேர் வட்டாரத்தில் நேரே வென்று வருபவர்கள், மிச்சம் 18 பேர் கட்சி எடுத்த வாக்கின் விகிதத்தில் பட்டியலிலிருந்து வருபவர்கள். அவளுக்கு இரண்டு வழியிலும் கிடைக்கவில்லை. கட்சிச் சின்னப்படி வீடு 13, சைக்கிள் 12, திசைகாட்டி 10 என்று இடங்கள் பிரிந்து, ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனது. ஆனால் முடிவு வந்து இரண்டு கிழமையில் அவள் திரும்ப வந்தாள், அதே கொப்பியோடு. வாய்க்கால் மூடிக்கு ஒரு கடிதம் எழுதி, பத்து வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். இப்போது அங்கே புது மூடி இருக்கிறது. ஆச்சி அதன்மேல் ஊன்றுகோலால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறா.

இனி உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதை எல்லாம் அப்பாவும் நானும் வாசித்தோம். எனக்கு முதலில் விளங்காதது எண்ணிக்கைதான். 28 லட்சம் பேர் இருக்கும் நகரத்துக்கு 25 உறுப்பினரும் ஒரு மேயரும். அப்படியானால் உன்னுடைய ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். 2012 குடிசனக் கணக்கில் எங்கள் மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் 88,000 பேர்தான். யாழ்ப்பாண மாநகரம் முழுவதையும் தூக்கி உன்னுடைய வட்டாரத்துக்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். இங்கே அந்தச் சனத்துக்கு 45 பேர். உங்கே அதற்கு நீ ஒருத்தி. இதை விளையாட்டாக எடுக்காதே. தனியாகச் சைக்கிளில் போய் முடிகிற வேலை இல்லை அது. உன்னோடு நடக்க ஆட்களைச் சேர். ஆனால் அந்தக் கொப்பியை மட்டும் வேறு ஒருவர் கையிலும் கொடுக்காதே.

இன்னொன்று. எங்கள் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும்தான் இருக்கும், வேட்பாளரின் பெயர் இருக்காது. வீட்டுக்கோ சைக்கிளுக்கோ வீணைக்கோ சங்குக்கோ புள்ளடி போட்டுவிட்டு வருகிறோம். உங்கே அதற்கு நேர்மாறு, பெயர் மட்டும்தான், கட்சி கிடையாது. 2023 இல் ரொறன்ரோ மேயருக்கு நடந்த இடைத்தேர்தலில் ஒரே சீட்டில் 102 பெயர்கள் இருந்ததாம். அவ்வளவு பெயருக்குள்ளும் சனம் தங்களுக்கு முன்பே தெரிந்த பெயரைத்தான் தேடும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரை அசைப்பது கஷ்டம் என்று நீ சொன்னதன் காரணம் அதுதான் போலிருக்கிறது. உன்னுடைய பெயர் நீளம். அதைச் சுருக்காதே. நானும் அப்பாவும் யோசித்து வைத்த பெயர் அது. ஒவ்வொரு வாசலிலும் நின்று மெதுவாகச் சொல், அவர்கள் ஒருதரம் திருப்பிச் சொல்லும் வரைக்கும் நில்.

தமிழ் வீடுகளுக்கு முதலில் போவாய் என்று தெரியும். போ, அது நியாயம். நீதன் சண் 2017 இல் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து அந்தச் சபைக்குப் போனபோது இங்கே பேப்பரில் வாசித்து நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் "நானும் தமிழ், எனக்குப் போடுங்கோ" என்று மட்டும் கேட்காதே. இனத்தைக் காட்டி, தியாகத்தைக் காட்டி வாக்குக் கேட்பவர்களை நான் இங்கே ஆயுள் முழுக்கப் பார்த்துவிட்டேன். வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் வரலாற்றைப் பதிலாகச் சொல்லுவார்கள். அந்த வரலாறு எனக்கும் வலிக்கிற வரலாறுதான். எங்கள் சபைக்குச் சொந்தமான நூலகம் 1981 இல் எரிந்த இரவின் புகையை என் கண்ணால் பார்த்தவள் நான். அந்த வலியைக் கொண்டுவந்து உடைந்த மூடிக்கு மேல் வைத்து மறைக்கக்கூடாது.

2019 மாசியில், பேத்தி பிறந்த நேரம் நான் உங்கே வந்து நின்றேன் அல்லவா? விடிய ஐந்து மணிக்கு ஸ்னோ வழிக்கும் வண்டி போன பிறகு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வயல் வரம்பு மாதிரி ஒரு கட்டி நின்றது. மருமகன் எங்கள் வாசலை வெட்டிவிட்டு, அப்படியே பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மாவின் வாசலையும் வெட்டினார். அந்த அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை நெஞ்சில் வைத்துக் காட்டினா. நான் அதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஒழுங்கையில் ஆச்சிக்கு வாய்க்கால் எப்படியோ, அந்த அம்மாவுக்கு அந்தப் பனி வரம்பு அப்படித்தான். உன்னுடைய கொப்பியின் முதல் வரி அந்த வீட்டிலிருந்து வரட்டும். 2023 ஆடியில் ஸ்காபரோவின் அந்தச் சின்ன ரயில் தடம் புரண்டு, பிறகு ஒரேயடியாக நிறுத்தப்பட்ட கதையை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமும் போய்க் கேள். அவர்களில் பலருக்குக் குடியுரிமை இல்லாமல் இருக்கலாம், வாக்கு இல்லாமல் இருக்கலாம். அப்படியானவர்களிடமும் கேள்.

மேலே இருப்பவர்கள் நினைத்தால் மாநகர சபையை ஒரு நாளில் குலைத்துவிடலாம் என்பதையும் மனதில் வை. இங்கே 2023 மார்ச் 9 என்று நாள் குறித்து, வேட்புமனுவும் வாங்கிய பிறகு, காசு இல்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கேயும் 2018 இல் வேட்பாளர்கள் தெருவில் இறங்கி வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, 47 ஆக இருக்கவேண்டிய வட்டாரங்களை மாகாண அரசு 25 ஆக வெட்டியது. அது சட்டப்படி சரி என்றே உங்கள் உச்ச நீதிமன்றம் 2021 இல் சொன்னது, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில். எவ்வளவு பெரிய நாடாக இருந்தாலும் அடிமட்டச் சபையின் பாடு இதுதான் என்று அப்பா அன்றிரவு முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். நீ பயப்படவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. போகிற இடத்தின் கூரை எவ்வளவு உறுதி என்று தெரிந்துகொண்டு போ.

மே 1 ஆம் திகதி வேட்புமனு திறக்கிறது, ஓகஸ்ட் 21 மூடுகிறது, ஒக்டோபர் 26 வாக்கெடுப்பு. 100 டொலரும் 25 பேரின் கையெழுத்தும் வேண்டும் என்றாய். ஓகஸ்ட் வரை இழுக்காதே. படிவத்தை இரண்டு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல். இங்கே போன வருஷம் எத்தனையோ பட்டியல்கள் சின்னச் சின்னக் குறைகளால் நிராகரிக்கப்பட்டன. வருஷக்கணக்காக உழைத்தவர்கள் மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் நின்று அழுதார்கள். செலவுக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எழுது. ஒரு கோப்பிக் காசு என்றாலும் எழுது.

நீ வெல்லுவாயா என்று எனக்குத் தெரியாது. 2022 இல் உங்கே நூற்றுக்கு முப்பது பேர்கூட வாக்களிக்கவில்லையாம். இவ்வளவு இரத்தம் சிந்திய ஊரில் இருந்துகொண்டு அதை வாசிக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாக்குப் போடாமல் வீட்டில் இருந்த அந்த எழுபது பேரின் கதவையும் தட்டு.

அந்த 25 கையெழுத்தில் என்னுடையது செல்லாது என்று மருமகன் சொன்னார். பரவாயில்லை. ஆவணியில் நல்லூர்த் தேர் முடிந்த கையோடு நான் வருகிறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது, சமையல், எல்லாம் என் பொறுப்பு. நீ பின்னேரங்களில் வெளிக்கிட்டுப் போ. நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு, மலிந்தது வாங்காதே. அப்பா இப்போதே கடைக்குப் போய் சீ.ஆர். கொப்பி ஆறு வாங்கி வைத்திருக்கிறார். நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா