11-ஆம் எண் கூண்டு

பாம்பன்,
ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாளைக்கு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஏலக்கூடத்தில் சத்தம் இல்லை, எனக்கும் எழுதி அனுப்பச் செய்தி இல்லை.

நீ அனுப்பிய இதழியல் பாடக் குறிப்புகளைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தேன். அந்த 'வாயில் காப்போன்' விஷயம் பிடித்திருந்தது. அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் தந்திச் செய்திகளைத் தேர்வு செய்யும் ஆசிரியர், தான் தள்ளிவைத்த ஒவ்வொரு செய்தியின் மீதும் ஏன் தள்ளினேன் என்று எழுதிவைத்தாராம். டேவிட் மேனிங் வைட் அதை ஆராய்ந்து 1950-இல் கட்டுரையாக்கினார். வந்து குவிந்ததில் பத்தில் ஒன்பது பங்கு அச்சேறவில்லை. எனக்கு அதில் வியப்பு இல்லை. வியப்பெல்லாம் அந்த மனிதர் காரணம் எழுதிவைத்தார் என்பதில்தான். இருபது ஆண்டுகள் நான் மாலை பஸ்ஸில் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுத்து மதுரையில் உள்ள பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று பக்கம் எழுதினால் நான்கு வரி வரும். பல நாள் அதுவும் வராது. ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்போது உங்களுக்கு இடப் பஞ்சம் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் யார் கண்ணில் எது படவேண்டும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது என்கிறாய். அதுவும் காரணம் எழுதிவைப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த பாடம் மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-இல் எழுதியது. எதைப் பற்றி மக்கள் நினைக்கவேண்டும் என்பதைப் பத்திரிகைகள் தீர்மானிக்கின்றன என்ற கருத்து. இதற்கு நம் ஊரையே உதாரணமாக எழுதலாம். ஐப்பசி, கார்த்திகையில் "பாம்பனில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று தமிழ்நாடு முழுக்க வாசிக்கிறது. மற்ற மாதங்களில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறோமே, அதை யார் வாசிக்கிறார்கள்? கூண்டு இல்லாவிட்டால் பாம்பன் என்று ஓர் ஊர் இருப்பதே பலருக்கு நினைவில் வராது.

அந்தக் கூண்டைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொன்னேனா என்று நினைவில்லை. 1 என்றால் எங்கோ தொலைவில் கடலில் வானிலை கெடுகிறது, அவ்வளவுதான். 3 வந்தால்தான் துறைமுகத்துக்கே பலத்த காற்று. எண் ஏற ஏற ஆபத்து என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 10 வரைக்கும் அது ஏறக்குறைய சரி. 11-க்குப் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, இனி எங்களிடம் செய்தி இல்லை. செய்தி இல்லை என்பதற்கே ஒரு கூண்டு வைத்தவனுக்கு மூளை இருந்திருக்கிறது, தாயி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் மூழ்கிய ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே எண் கிடையாது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணியிருப்பார்கள்? ஆனாலும் பலர் தயங்காமல் ஓர் எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

இனி, வந்த படம் உண்மையா என்று சோதிக்கும் உன் கருவிகளுக்கு வருகிறேன். நிழலை வைத்து ஒரு படம் எடுத்த நேரத்தையும் திசையையும் கண்டுபிடிப்பதைச் சொன்னாயே, அந்தக் குறிப்பில் ஒரு வரியைத் திருத்து. "வட கோளத்தில் நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்று எழுதியிருக்கிறாய். லண்டனில் விழும். இங்கே பாதி உண்மைதான். சித்திரை முதல் நாள் இறங்குதுறைக்குப் போய் ஒரு துடுப்பைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நட்டுவைத்தேன். 12 மணி 13 நிமிடத்துக்கு நிழல் துடுப்பின் அடியிலேயே ஒடுங்கிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிருபருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நண்பகல் நிழல் தெற்கே விழும். பாடத்தை அப்படியே நம்பி நம் ஊர்ப் படத்தைச் சோதித்தால் வடக்குக் கரையைத் தெற்குக் கரை என்று எழுதிவிடுவாய்.

கரையைச் சொன்னதும் இன்னொன்று. நம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கியதும் அப்படியே மாறிவிடும். ஆனி மாதத்தில் "இன்று பாம்பன் வடகடலில் ராட்சத அலை" என்று ஒரு வீடியோ என் போனுக்கு வந்தது. நீ என்றால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்து, அதே படம் இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவாய். தேடத்தான் வேண்டும். நான் மாதத்தைப் பார்த்தேன். பழைய வீடியோ. "கடல் உள்வாங்கியது, சுனாமி வருகிறது" என்ற செய்தியும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. வடகடல் ஆழமில்லாதது. காற்றும் ஓதமும் சேர்ந்து ஒரு முழம் தண்ணீர் இறங்கினாலே படகுகள் தரை தட்டி நிற்கும். மாலையில் மிதக்கும். 2004-க்குப் பிறகு மக்கள் பயப்படுவதில் தவறில்லை, ஆனால் கரையில் ஒருவரைக் கேட்க ஒரு போன் போதுமே.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லவேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை இங்கே மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, வாடைக் காலம். வத்தை என்கிற நாட்டுப்படகு ஒன்று இரண்டு நாளாகத் திரும்பவில்லை. கரையில் நின்றவர்களில் ஒருவர், உடைந்த பலகை மிதந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். கவருக்கு நேரமாகிவிட்டதால் போனில் செய்தி சொன்னேன். அலுவலகத்தில் கேட்டார்கள்: "மாயமா, பலியா?" மாயம் என்றால் உள்பக்கத்தில் இரண்டு வரி, பலி என்றால் முதல் பக்கம். "பலி" என்றேன். கேள்வி அவர்களுடையது, ஆனால் பதில் என்னுடையது. நான்கு பெயரோடு காலையில் பேப்பர் வந்தது. ஒரு வீட்டில் தாலியை அறுக்கச் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும், உடலைக் காட்டாமல் கழுத்தில் கை வைக்க விடமாட்டேன் என்று உலக்கையோடு வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் நான்கு பேரும் தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இயந்திரம் நின்று, காற்று அங்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து ஒரு மூலையில் இரண்டு வரி 'வருந்துகிறோம்' வந்தது. உங்கள் இணையத்தில் தவறான வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகலாம் என்கிறார்கள். நீ அதைச் செய்யாதே. என்ன எழுதியிருந்தாய், எதை, எப்போது மாற்றினாய் என்று கீழே போடு. வேபேக் மெஷினில் பழைய பக்கம் இருக்கும் என்ற பயத்தில் வேண்டாம். அந்தப் பெண்ணும் படிப்பாள் என்று நினைத்துப் போடு.

அந்த நால்வரில் ஒருவர் அந்தச் செய்தியைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். டீக்கடையில் புது ஆள் யார் வந்தாலும், "இது நான் செத்த செய்தி. எழுதியவர் அதோ உட்கார்ந்திருக்கிறார்" என்று என்னைக் காட்டுவார். நான் பதில் சொன்னதில்லை, அவருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுவேன். போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தச் செய்தியையும் நான்தான் அனுப்பினேன், வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்துவிட்டு. வயதை அவர் மனைவியிடமே இரண்டு முறை கேட்டு எழுதினேன். "இந்தத் தடவை சரியாகத்தான் எழுதுவீர்கள்" என்றாள்.

அந்தக் கத்தரிப்பை அவர் மகனிடம் கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்துகொண்டு உடனே திருப்பி அனுப்பு. அவன் கடலுக்குப் போகுமுன் மாட்டியிருந்த இடத்திலேயே மாட்டவேண்டும் என்கிறான். அம்மா நெத்திலிக் கருவாடு தனியாக அனுப்புகிறாள், இந்தக் கவரோடு சேர்க்க விடவில்லை.

அன்புடன்,
அப்பா