வெயில் வந்தால் கெட்டி ஆயிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி தொடங்கிவிட்டால் எங்கள் கடலூர் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே பேச்சுதான். "சார், வெயிலுக்குக் கெட்டி ஆயில் போட்டுடலாம், இன்ஜின் சூடாகாது." கேட்காமலே 20டபிள்யூ-50 என்ற கெட்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. எல்லா வண்டிக்கும் இது சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

டப்பாவில் போட்டிருக்கும் இந்த கிரேடில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 10டபிள்யூ ஆயிலுக்கான குளிர்ச் சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது, மார்கழியிலும் மின்விசிறி போடுகிற நமக்கு அந்த எண்ணால் பெரிய கவலை இல்லை. அப்போ பின் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் வெளியில் 30 டிகிரியோ 41 டிகிரியோ, காரில் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து இன்ஜின் தண்ணீரை ஏறக்குறைய 90 டிகிரியிலேயே வைத்துக்கொள்கின்றன, அதனால் வெயில் ஏறுகிற அளவுக்கு ஆயில் சூடு ஏறுவதில்லை. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு கம்பெனியே 0டபிள்யூ-20 என்றுதான் சொல்கிறது, அதுவும் நம் ஊர் வெயில் தெரிந்தே சொல்வது. அந்த இன்ஜினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்பு எல்லாம் மெல்லிய ஆயிலுக்கென்று செய்தவை. அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல் பாகம் வரை ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

ஏர் கூல்டு பைக் கதை வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன். காற்றும் ஆயிலும்தான் அங்கே இன்ஜினை ஆற்றுகின்றன, மதியம் இரண்டு மணிக்கு அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்தால் காற்றும் கிடையாது. பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது என்றால் வண்டியோடு வந்த புத்தகம் அனுமதிக்கிற அடுத்த கிரேடுக்குப் போகலாம். சில புத்தகங்களில் எந்த வெப்பநிலைக்கு எந்த கிரேடு என்று பட்டையாகவே வரைந்திருப்பார்கள், அதைப் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் என்பதும் நடக்காது: ஆக்டிவாவுக்கு 10டபிள்யூ-30, ராயல் என்ஃபீல்டு 350 வண்டிகளுக்கு 15டபிள்யூ-50.

கிரேடை விடப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. என் தம்பி பைக்கில் ஒரு கடையில் கார் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். சில வாரத்தில், பெண்ணையாற்றுப் பாலத்தில் ஆக்சிலேட்டர் திருகினால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டு அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருந்தால் தட்டு பிடிக்காமல் வழுக்கும். அதனால் கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள், எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உள்ள பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், சாம்பல் குறைவான ஆயில் என்று கம்பெனி சொல்வதை மாற்றிவிட்டால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுகிற செலவு சாதாரணமில்லை.

வெயில் காலத்தில் உண்மையிலேயே செய்ய வேண்டியது அளவு பார்ப்பது. சூட்டில் ஆயில் குறையும், 100 சிசி பைக் ஒன்றில் மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான், அதில் கால் லிட்டர் போனால் எந்த கிரேடு இருந்து என்ன பயன்? சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே அளவு நேரம் பொறுத்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும், திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

கடலூர், புதுச்சேரி ஒர்க்‌ஷாப் அண்ணன்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பில்லில் வெறுமனே 'ஆயில்' என்று எழுதாமல் கம்பெனி பெயர், கிரேடு, ஜாசோ எழுத்து மூன்றையும் எழுதிக் கொடுங்கள், டப்பாவை எங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றுங்கள். வண்டிக்காரர்களும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்