விடிலியில் காய்ச்சும் கருப்பட்டிக்கு ஏற்ற விதி கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
கருப்பட்டி காய்ச்சும் பெண் ஒருவர்,
பதினேழு விடிலிக் குடும்பங்கள் சார்பாக.
(முகவரிகளும் கையெழுத்துகளும் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: பனங்காட்டு விடிலிகளில் (பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசைகளில்) காய்ச்சி நேரடியாக விற்கும் கருப்பட்டிக்குப் பதிவு முறையை எளிதாக்கவும், சீனி கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கொண்டுவரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

நான் பனையேறியின் மகள். வாக்கப்பட்டதும் பனையேறி வீட்டுக்குத்தான். என் வீட்டுக்காரர் மரம் ஏறுவார், நான் காய்ச்சுவேன். எங்கள் தேரிக்காட்டில் எங்களைப் போல இன்னும் பதினாறு விடிலிகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் பேனா என் கைக்கு வந்துவிட்டது.

கடந்த வைகாசியில் வாரச் சந்தையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓலைப்பெட்டியில் 22 கிலோ கருப்பட்டி கொண்டுபோய்க் கடை விரித்திருந்தேன். ஒன்பது மணி வாக்கில் சோதனைக்கு வந்தார்கள். பதிவு எண் கேட்டார்கள், இல்லை. லேபிள் கேட்டார்கள், அதுவும் இல்லை. பெட்டியை மூடச் சொன்னார்கள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாதிரிக்கு எடுத்த கருப்பட்டிக்குக் காசும் கொடுத்தார்கள். சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூடிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு மூன்று கடை தள்ளி, பளபளவென்ற பிளாஸ்டிக் பொட்டலத்தில் ‘சுத்தமான பனங்கருப்பட்டி’ என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பதினான்கு இலக்க எண் இருந்தது, தயாரித்த தேதி இருந்தது, பச்சைப் புள்ளி இருந்தது. விலை என் அடக்கத்தில் பாதி. அந்த விலைக்குப் பதனீரை இறக்கக்கூட முடியாது என்று பனையேறி வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்தவர்கள் அந்தக் கடையையும் பார்த்தார்கள், எண் சரியாக இருந்தது, போய்விட்டார்கள். அதில் சீனி கலந்திருக்கிறது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் அது. எண் இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

கருப்பட்டி எப்படி வருகிறது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். விதி எங்கே இடிக்கிறது என்று காட்டுவதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். விடியுமுன்பே அவர் மரத்தில் இருப்பார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏறும்போதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதனீரைத் தெளியவைத்து வடிகட்டித் தாச்சி என்கிற பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த காவோலையும் பனமட்டையும் வைத்து எரிப்பேன். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைப் பொடித்துத் தூவினால் அடங்கும். கூப்பனி என்கிற பாகுப் பதம் தாண்டியதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பேன். உருண்டு நின்றால் தாச்சியை இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவேன். ஏழெட்டு லிட்டர் பதனீருக்கு ஒரு கிலோ தேறினால் நல்ல நாள்.

இந்த வேலை நடக்கும் இடம் விடிலி. 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு விதிகளின் நான்காம் அட்டவணையை என் தங்கை மகள் வாசித்து விளக்கினாள். பதிவு மட்டுமே வேண்டிய சின்ன வியாபாரிக்கும் அதில் நிபந்தனை உண்டு. தரை, சுவர், கூரை எல்லாம் வழுவழுப்பாக, கழுவுவதற்கு எளிதாக, பெயிண்டோ பூச்சோ உதிராமல் இருக்க வேண்டுமாம். எங்கள் விடிலிக்குச் சுவரே கிடையாது, ஓலைத் தட்டிதான். பூச்சு உதிராது என்று வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாம்! ஓலை இடுக்கு வழியாகத்தான் புகை போகிறது. நாலு பக்கமும் சிமெண்ட் வைத்து எழுப்பினால் உள்ளே நின்று காய்ச்ச ஆள் இருக்காது.

அப்புறம் இன்னொரு சிக்கல். பதிவு ஓர் இடத்தின் முகவரிக்குக் கொடுக்கப்படுகிறது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த மரம் இல்லை, பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து ஏறுகிறோம். இந்த வருஷம் கிழக்கே முப்பது மரம் கிடைத்தால் விடிலி கிழக்கே. அடுத்த வருஷம் மரக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் ஓலையைப் பிரித்துக்கொண்டு மேற்கே போக வேண்டியதுதான். கதவு எண் இல்லை, கரண்டு பில் இல்லை. ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம் எங்களுக்குப் பாரமே இல்லை. இந்த முகவரிக் கட்டத்தில்தான் ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் நின்றுவிடுகிறது.

சட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அப்படி ஒரு சாவுக்குப் பிறகு அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதுதான். ஆனால் கலந்தவர் யாரோ, பாக்கெட் பாரம் வந்து விழுந்தது ஊர்ச் செக்குக்காரர் தலையிலும். வங்கதேசத்தில் வௌவால் வாய் வைத்த ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்து நிபா காய்ச்சல் பரவியதும் தெரியும். கேட்டபோது எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. நல்ல வேளை, கருப்பட்டி மணிக்கணக்கில் கொதித்து இறங்குகிற பண்டம். ஆனாலும் கலயத்துக்கு வலை கட்டச் சொன்னால் கட்டுகிறோம்.

எங்கள் பக்கம் தப்பே நடக்காது என்றும் சொல்லமாட்டேன். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் மழை வருகிற அவசரத்தில் தெளியவிடாமல் பதனீரைத் தாச்சியில் ஊற்றிவிட்டேன். அந்த ஈடு (அந்தத் தடவை காய்ச்சியது) முழுவதும் சுண்ணாம்பு கரித்தது, பல்லில் நறநறவென்று கடிபட்டது. பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் ஐந்து கிலோவையும் திருப்பிக் கொண்டுவந்து, ‘என்ன இது, மண்ணா?’ என்று விடிலி வாசலில் வைத்தே கேட்டார். எனக்கு மானம் போயிற்று. மறு ஈட்டில் ஐந்து கிலோ கொடுத்தேன், மீதியை மாட்டுக்குக் கரைத்து ஊற்றினேன். இன்றைக்கும் அவர் என்னிடம்தான் வாங்குகிறார். வாங்குகிறவர் விடிலி வாசலில் வந்து நிற்கிறவராக இருந்தால் சோதனை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த வாசல் வியாபாரத்தையும், யார் எங்கே செய்தது என்று தெரியாமல் நூறு மைல் போகும் பொட்டலத்தையும் ஒரே விதியில் கட்டுவதுதான் எங்கள் மனக்குறை.

இனி மனுவின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டு தர விதிகளில் வெல்லம் என்றால் கரும்புச் சாறோ, பனை, ஈச்சை, தென்னைச் சாறோ காய்ச்சி எடுத்தது என்று எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்கும், சுக்ரோஸ் 60 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. எரித்தால் மிஞ்சும் சாம்பல் 6 சதவீதத்தையும், தண்ணீரில் கரையாத பொருள் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது விதி. இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். பதனீரில் இருக்கும் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், மூட்டைச் சீனியும் சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் பாதிக்குப் பாதி சீனியைக் கொட்டிக் காய்ச்சினாலும் இந்தச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும். சாம்பலும் குறையும். சுண்ணாம்புக் கலயத்தில் இறக்கி, ஒரு நாள் தெளிய நேரம் போதாமல் காய்ச்சிய என்னைப் போன்றவள்தான் சாம்பலிலும் கசடிலும் மாட்டிக்கொள்வாள். கலப்படக்காரருக்கு வாசல் திறந்து கிடக்கிறது, பனையேறிக்கு நிலை தலையில் இடிக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு வேறு. அந்தக் கரியின் வகைகளை அளக்கும் கார்பன் ஐசோடோப்பு சோதனையில் கரும்புச் சீனி தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்; தேனில் சீனி கலந்ததைப் பிடிப்பதும் இப்படித்தான். எல்லா மாதிரிக்கும் செய்யச் செலவாகும், சரி. சந்தேகப்பட்ட சரக்குக்கு மட்டும் செய்யலாம். அதற்கும் முன்னால் காசே செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: நாட்காட்டி. பங்குனியில் சூடு பிடித்து ஆவணியோடு எங்கள் பக்கம் பதனீர் ஓய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் ஒரு கிட்டங்கியிலிருந்து புதுக் கருப்பட்டி லாரி லாரியாகக் கிளம்பினால், அது எந்த மரத்தில் இறங்கியது என்று கேட்டாலே போதும். தர விதியை மாற்றுவது டெல்லியில் உள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கையில் என்று தெரியும். பனங்கருப்பட்டிக்குத் தனித் தரம் வேண்டும் என்று தாங்கள் பரிந்துரைத்து எழுத வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் அது பொருத்தமாகவும் இருக்கும்.

பதிவு விஷயத்தில் தங்களை நாங்கள் கேட்பது இது. பதிவை விடிலியின் முகவரிக்குக் கொடுக்காமல் காய்ச்சுகிற ஆளின் பெயருக்குக் கொடுங்கள். மாசி மாதத்தில், பாளை சீவத் தொடங்கும் முன்பு, பனங்காட்டிலேயே ஒரு நாள் முகாம் போடுங்கள். வணிகர்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பை உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 30-ஆம் பிரிவே தங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எதைக் கழுவ வேண்டும், எதை மூட வேண்டும், சுண்ணாம்பை எப்படித் தெளியவிட வேண்டும் என்று ஓலைக் கூரைக்குப் பொருந்துகிற மாதிரி சொல்லிக் கொடுத்தால் செய்யாமல் இருக்கமாட்டோம். விடிலி வாசலிலும் வாரச் சந்தையிலும் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கும்போது காய்ச்சியவர் பெயர், ஊர், காய்ச்சிய மாதம் எழுதிய ஓர் அட்டை பெட்டியில் இருந்தால் போதும் என்று வையுங்கள். கடைக்குப் போகும் பொட்டலத்துக்கு முழு லேபிள் கேளுங்கள், நியாயம்தான்.

குறை கண்டால் 32-ஆம் பிரிவின்படி முதலில் திருத்த அறிவிப்பு கொடுத்து, அதில் சொல்லியிருக்கும் 14 நாள் குறையாத அவகாசத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு தமிழில் இருக்கட்டும்.

இன்னொன்றும் தங்கள் பார்வைக்கு. விவசாயி தன் பண்ணை அளவில் விளைவித்த பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 18(3) பிரிவு சொல்கிறது. பதனீர் வரை விளைபொருள், அடுப்பில் ஏற்றியதும் தயாரிப்பு என்று எங்களுக்குச் சொல்லப்படுகிறது. பதனீரை அப்படியே வைத்திருக்க முடிந்தால் சரி. காய்ச்சாமல் விட்டால் கள்ளாகும், கள்ளானால் மதுவிலக்குப் போலீஸ் வரும். காய்ச்சினால் உணவுப் பாதுகாப்புத் துறை வருகிறது. நெல்லை அவித்துக் காயவைப்பது போலத்தான் இதுவும், கெட்டுப்போகாமல் காப்பாற்றுகிற வேலை. சொந்த மரத்திலோ பாட்ட மரத்திலோ இறக்கிய பதனீரை மட்டும் காய்ச்சுகிறவர் இந்தப் பிரிவுக்குள் வருவாரா என்று துறை தன் விளக்கத்தை எழுத்தில் தர வேண்டும்.

சந்தையில் எடுத்த மாதிரி தேறிவிட்டது என்று பிறகு தாள் வந்தது. அதற்குள் 22 கிலோவில் பாதி ஈரம் கோத்துக் கசிந்துவிட்டது. மீதியை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிக் காப்பாற்றினேன்.

முடிவு எடுக்கும் முன் பங்குனியில் ஓர் அலுவலரை எங்கள் விடிலிகளுக்கு அனுப்பிவையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தால் கலயம் இறங்குவதிலிருந்து சிரட்டையில் ஊற்றுவது வரை பார்க்கலாம். பதினேழு விடிலியிலும் மாதிரி எடுத்துக்கொள்ளட்டும், இந்த முறை காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதினேழு விடிலிக் குடும்பத்தார்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் இணைப்பில்)